ஆய்வுக்கூடப் பதிவேடும் காசநோய்த் தடுப்பும்

நம் நாட்டில் தேசியக் காசநோய்த் திட்டம் 1962-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதில் சளிப் பரிசோதனைக்கு முக்கிய இடம் உண்டு. நுண்ணோக்கியில் கிருமியைக் காண்பவர் ஆய்வுக்கூட நுட்புநர். ஆனால் அக்கிருமி யாருடைய சளியில் உள்ளது என்பதைத் தெரிவிப்பது பதிவேடேயாகும். சிறிய கூடங்களில் அதனை நுட்புநரே எழுதுகிறார். பெரிய மருத்துவமனைகளில் நிர்வாக உதவியாளர் பேணுகிறார்.

மாதிரி வந்தவுடன் நோயாளியின் பெயர், வயது, முழு முகவரி, வரிசை எண் ஆகியவை பதியப்படுகின்றன. எண்ணைக் குப்பியின் மூடியில் எழுதலாகாது, பக்கத்திலேயே எழுதவேண்டும். மூடிகள் இடம் மாறக்கூடும் என்பதே காரணம். எண் மாறின், நோயற்றவர் ஆறு மாத காலம் வீணே மருந்துண்ண நேரிடும். நோயுற்றவரோ நலமெனக் கருதி வீடு திரும்பிக் குடும்பத்தாருக்கும் நோயைப் பரப்புவார்.

முகவரியும் அத்துணை இன்றியமையாதது. பரிசோதனை முடிவைப் பெற வராத நோயாளியைத் தேடிச் செல்ல அதுவே வழி.

2012-ஆம் ஆண்டில் காசநோய் அரசுக்கு அறிவிக்கப்படவேண்டிய நோயாக்கப்பட்டது. 'நிக்ஷய்' என்னும் கணினிப் பதிவு முறையும் அவ்வாண்டிலேயே வந்தது. எனினும், கணினி தன்னிடம் தரப்பட்டதையே திருப்பித் தரும். முதற்பதிவு பிழையாயின் திட்டத்தின் புள்ளிவிவரமும் பிழையாகும். ஆகவே, இப்பணியாளரின் பயிற்சிக்கு ஆகும் செலவு நோய்த் தடுப்புக்கான முதலீடே எனலாம்.