தோல் புற்றுநோயில் பலித்த மருந்து குடல் புற்றுநோயில் தோற்றது ஏன்?

மும்பை புறநகர் ரயில் பாதையில், பச்சை விளக்கைக் கண்டு மின்சார வண்டி சிக்னலைத் தாண்டுகிறது. மறுகணம் விளக்கு சிவப்பாகிவிடுகிறது. அதை மாற்றியது ஆள் அல்ல. தாண்டிச் சென்ற அந்த வண்டியேதான். நமது உடலின் உயிரணுக்களிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு.

உயிரணுவின் மேற்புறத்தில் ‘ஏற்பிகள்’ என்ற புரதங்கள் உள்ளன. வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கி உள்ளே அனுப்புவது இவற்றின் வேலை. ‘வளர், பெருகு’ என்ற செய்தியைக் கொண்டுவரும் இ.ஜி.எஃப். என்னும் பொருளைக் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி கோஹன், 1986-ல் நோபல் பரிசு பெற்றார்.

ஏற்பி வாங்கிய செய்தி ராஸ், ராஃப், மெக், எர்க் என்ற புரதங்களிடம் வரிசையாகக் கைமாறுகிறது. கடைசியில் உள்ள எர்க், உயிரணுவைப் பெருகச் செய்வதோடு நிற்பதில்லை. ‘செய்தி கிடைத்தது, போதும்’ என்று ஏற்பியையும் அடக்கி வைக்கிறது. அதனால்தான் வளர்ச்சி அளவோடு நிற்கிறது.

சில புற்றுநோய்களில், பி-ராஃப் என்ற புரதம் மரபணுக் கோளாறினால் மேலிருந்து வரும் செய்திக்குக் காத்திராமல் ஓயாது வேலை செய்கிறது. இது 2002-ல் தெரியவந்தது. மெலனோமா என்னும் தோல் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இக்கோளாறு உண்டு. இதைத் தடுக்கும் வெமுராஃபெனிப் மாத்திரைக்கு 2011-ல் அமெரிக்கா அனுமதி அளித்தது. சாப்பிட்டவர்களில் சுமார் பாதிப் பேருக்குக் கட்டி சுருங்கியது.

பெருங்குடல் புற்றுநோயாளிகள் சிலருக்கும் இதே கோளாறு இருக்கிறது. ஆனால் அவர்களில் 21 பேருக்கு இம்மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தபோது, ஒருவருக்கு மட்டுமே கட்டி போதிய அளவு சுருங்கியது!

காரணத்தை 2012-ல் ஆம்ஸ்டர்டாமில் ரெனே பெர்னார்ட்ஸ் குழுவினர் கண்டறிந்தனர். மருந்து பி-ராஃபைத் தடுத்ததும் எர்க் அடங்கியது. எர்க் அடங்கவே, அதன் பிடியில் இருந்த ஏற்பி விடுபட்டு, வேறு வழியாகச் செய்தியை அனுப்பத் தொடங்கிவிட்டது. மெலனோமா அணுக்களில் இந்த ஏற்பி மிகக் குறைவு. குடல் அணுக்களில் ஏராளம். வித்தியாசம் இதுதான்.

அப்படியானால் இரண்டையும் ஒருசேர அடைத்தால் என்ன? பி-ராஃபைத் தடுக்கும் என்கோராஃபெனிப்பும் ஏற்பியைத் தடுக்கும் செடூக்சிமாபும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. 665 நோயாளிகள் பங்கேற்ற ஆய்வின் முடிவு 2019-ல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையில் பாதிப் பேர் 5.4 மாதத்திற்கு மேல் உயிர் வாழ்ந்தனர். இரு மருந்துகளும் பெற்றோருக்கு அது 8.4 மாதமாயிற்று. 2020-ல் அமெரிக்கா இச்சிகிச்சையை ஏற்றது.

மூன்று மாதம் சிறிதுதான். நோய் தீர்ந்துவிடவும் இல்லை. ஆனால் ஒருவருக்குப் பலித்த மருந்து, அதே கோளாறுள்ள இன்னொருவருக்கு ஏன் பலிப்பதில்லை என்பதற்கு விடை கிடைத்திருக்கிறது. கோளாறு எது என்று அறிந்தால் மட்டும் போதாது. அது எந்த உறுப்பில் இருக்கிறது, அங்கே கட்டுப்பாடு எப்படி நடக்கிறது என்பதையும் பார்த்தே மருந்து தர வேண்டியிருக்கிறது.