போன் பிழைக்கும், படங்கள் பிழைக்குமா?

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயர மலையுச்சியில் ஜோதி எழும்பும் கணத்தை, லட்சக்கணக்கான பக்தர்கள் இக்காலத்தில் கண்ணால் தரிசிப்பதோடு கைப்பேசியிலும் பதிவு செய்துகொள்கிறார்கள். அதுவோ மழைக்காலம், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலோ தோளோடு தோள் உரசும் ஜனத்திரள், ஆகையால் நனைந்தும் நழுவி விழுந்தும் செயலிழந்த போன்கள் மறுநாள் பழுதுபார்க்கும் கடைக்கு வருவது இயல்பே. "லோகோவிலேயே நிக்குதுங்க, பிளாஷ் போட்டா வந்துடும், ஆனா டேட்டா போயிடும்" என்று கடைக்காரர் சொல்லும்போது, யந்திரத்தைப் பிழைக்கவைக்கத் தெரிந்தவருக்குப் படங்களை மட்டும் மீட்கத் தெரியாதா என்ற சந்தேகம் உரிமையாளர் மனத்தில் எழுகிறது. அந்தச் சந்தேகம் பெரும்பாலும் நியாயமற்றது என்பதே என் அபிப்பிராயம்.

ஆண்ட்ராய்டு போனின் பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது பூட்லோடர் என்னும் சிறிய நிரல். அதுதான் இயங்குதளத்தை எழுப்புகிறது. இயங்குதளம் சிதைந்துபோனாலும், பூட்லோடரும் ரெக்கவரி எனப்படும் சிற்றமைப்பும் பெரும்பாலும் பழுதின்றி நிற்கும். கணினியிலிருந்து கேபிள் வழியே அவற்றோடு பேசி, இயங்குதளத்தை மீண்டும் எழுதுவதற்கு, அதாவது பிளாஷ் போடுவதற்கு, ஃபாஸ்ட்பூட், சாம்சங் போன்களுக்கு ஓடின், மீடியாடெக் சிப் உள்ளவற்றுக்கு எஸ்.பி. பிளாஷ் டூல் என்று கருவிகள் உண்டு. பூட்லோடரே நாசமானாலும், குவால்காம் சிப்பினுள் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்ட, அழிக்கவியலாத நிரலொன்று அவசரகால வாயிலாக எஞ்சியிருக்கிறது. ஓடுகிற போனின் உட்குறிப்புகளைப் படித்துப் பிழையை ஆராயவும், கோப்புகளைப் பிரதி எடுக்கவும் உதவுவது ஏ.டி.பி. என்னும் கருவி.

படங்களோ தனியொரு பகுதியில், மறையாக்கம் செய்யப்பட்டு இருக்கின்றன. 2019இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 10உடன் சந்தைக்கு வரும் புதிய போன்களுக்கு இது கட்டாயமாயிற்று. அதன் திறவுகோல் அந்தப் போனின் சிப்போடும் உரிமையாளரின் பூட்டு எண்ணோடும் பிணைக்கப்பட்டிருப்பதால், நினைவகத்தைப் பெயர்த்தெடுத்து வேறு கருவியில் படித்தாலும் கிடைப்பது அர்த்தமற்ற எண்குவியலே. பூட்லோடரின் பூட்டைத் திறக்க முயன்றாலும் தரவு முழுவதும் அழிக்கப்பட்டுவிடும். கூட்டத்தில் நாம் தவறவிட்ட போனைக் கண்டெடுக்கும் அந்நியன் நம் குடும்பப் படங்களையும் வங்கி விவரங்களையும் பார்க்கவொட்டாமல் தடுப்பதும் இதே ஏற்பாடுதான் என்பதால், இதைக் குறையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும், சாப்ட்வேர் போடுவதென்றாலே எல்லாம் அழிந்தாக வேண்டும் என்ற நியதி இல்லை. தயாரிப்பாளரின் அப்டேட்டை ரெக்கவரி வழியாக ஏற்றினால் பொதுவாகத் தரவு தங்கும். ஐபோனை ரெக்கவரி நிலையில் இணைத்தால் கணினி காட்டும் இரு வழிகளில் ‘அப்டேட்’ படங்களை விட்டுவைக்கும், ‘ரீஸ்டோர்’ துடைத்துவிடும். டேட்டா தங்கும் வழியை முதலில் முயன்று பாருங்கள் என்று கேட்க வாடிக்கையாளருக்கு முழு உரிமை உண்டு.

திரை நொறுங்கியவர்களின் துயரம் வேறு வகையானது. ஏ.டி.பி. வேலை செய்ய, போனின் செட்டிங்ஸில் யு.எஸ்.பி. டீபக்கிங் முன்னமே இயக்கப்பட்டிருக்க வேண்டும். 2013இல் வந்த ஆண்ட்ராய்டு 4.2.2 முதல், புதிய கணினி ஒவ்வொன்றுக்கும் போனின் திரையிலேயே சம்மதமும் அளிக்க வேண்டும். திரை போனபின் சம்மதம் அளிப்பது எங்ஙனம்? அதற்காக அவ்வசதியை எந்நேரமும் திறந்துவைத்து, பஸ் நிலையத்திலும் விடுதியிலும் கண்ட இடத்தில் சார்ஜ் போடுவதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன். காட்சி தெரிந்து டச் மட்டும் செத்திருந்தால், ஓ.டி.ஜி. இணைப்பியில் சாதாரண மவுஸைச் செருகினாலே பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அம்புக்குறி தோன்றும். அதைக்கொண்டு பூட்டைத் திறந்து, போனைக் கடைக்காரரிடம் கொடுக்கும் முன்பாகவே வைஃபை வழியே படங்களைத் தம் கூகுள் கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம்.