துணி நெய்யும் ஊரில் முதலாமாண்டு

பள்ளி முடியும்வரை சீருடைதான். கல்லூரியில் சேர்ந்த முதல் திங்கட்கிழமை காலையில், இன்றைக்கு என்ன உடுத்துவது என்ற கேள்வி முதல் தடவையாகப் பிள்ளையின் கைக்கு வருகிறது. ஜூன், ஜூலை மாதங்களில் கோவை ஒப்பணக்கார வீதியிலும் கிராஸ்கட் ரோட்டிலும் அம்மாவோடு கடை கடையாக ஏறி இறங்கும் பிள்ளைகள் இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள்.

போத்தனூர்ப் பிள்ளைகள் ஆத்துப்பாலம், உக்கடம் வழியாக டவுன் பஸ்ஸில் வந்து டவுன்ஹாலில் இறங்குவார்கள். மகளின் கை பேக்கி ஜீன்ஸுக்கும் கோ-ஆர்ட் செட்டுக்கும் போகும். "கண்ணு, இதப் போட்டுட்டுப் போனா காலேஜுக்குள்ள உடுவாங்களா?" என்பார் அம்மா. நியாயமான கேள்விதான். 2005-ல் அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளில் ஜீன்ஸ், டி-சர்ட், கையில்லாத உடை ஆகியவற்றுக்குத் தடை போட்டபோது தமிழ்நாடு முழுக்க வாதம் நடந்தது. இன்றும் பல தனியார் கல்லூரிகளில் குர்தியின் நீளமும், துப்பட்டாவுக்குப் பின் குத்தியிருக்கிறதா என்பதும், பையன்களின் தாடியும் வாசலிலேயே சோதிக்கப்படுகின்றன.

உடை மேல் ஆசை வைத்த பிள்ளைக்குப் படிப்பில் நாட்டம் இருக்காது என்று நம் வீடுகளில் சுலபமாக முடிவு கட்டிவிடுகிறோம். எந்த ஊர் அப்படி நினைத்தாலும் கொங்கு நாடு நினைக்கக் கூடாது.   1888-ல் ஸ்டேன்ஸ் குடும்பத்தார் கோவையில் நூற்பாலை தொடங்கினார்கள். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. கிழக்கே 50 கிலோமீட்டரில் இருக்கும் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 2024-25-ல் சுமார் 40,000 கோடி ரூபாய். தெற்கே பொள்ளாச்சியை அடுத்த நெகமத்தில் பருத்திச் சேலை, வடக்கே சிறுமுகையில் பட்டுத் தறி. மில்லிலோ தறியிலோ தையல் மெஷினிலோ உட்கார்ந்த ஒருவராவது இல்லாத குடும்பம் இந்தப் பக்கத்தில் அபூர்வம். இங்கே ஒரு பெண் துணியை விரலால் தடவிப் பார்க்கிறாள் என்றால், அவள் பாட்டி செய்த வேலையைத்தான் செய்கிறாள்.

அந்த ஆசையையே படிப்பாக எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில் பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் பல ஆண்டுகளாக நடக்கிறது. திருப்பூரில் நிஃப்ட்-டீ கல்லூரி இருக்கிறது. ரேம்ப் வாக் கனவோடு சேரும் மாணவிக்கு முதல் மாதத்தில் கிடைப்பது இஞ்ச் டேப்பும் கத்தரிக்கோலும் பிரவுன் பேப்பரும்தான். தையல் ஓரம் எத்தனை வகை, டார்ட் எங்கே பிடிப்பது, பிளீட்டுக்கும் கேதருக்கும் என்ன வித்தியாசம் என்று ஒவ்வொன்றையும் கைக்குட்டை அளவுத் துணியில் தைத்து ரெக்கார்டு நோட்டில் ஒட்ட வேண்டும். கோணலாக ஓடிய தையலைப் பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்க வேண்டும். பெரியவர் சட்டைக்கு முன்னால் குழந்தையின் ஜபலாவும் பிப்பும் வரும். பலர் இந்த இடத்தில்தான் சோர்கிறார்கள். தாக்குப்பிடித்தவர்களின் கண் மாறிவிடுகிறது. அதுவரை கடையில் நிறத்தைப் பார்த்தவர்கள், அதன்பிறகு சட்டையை உள்பக்கம் திருப்பி ஓவர்லாக்கைப் பார்க்கிறார்கள். நூல் எத்தனை கவுன்ட், பனியன் துணி எத்தனை ஜிஎஸ்எம் என்று கேட்கிறார்கள்.

காமர்ஸும் கம்ப்யூட்டரும் படிக்கிற பிள்ளைகளின் கதை வேறு. அவர்களை வாட்டுவது பணம். முதல் வாரம் முடிவதற்குள் யார் எதைத் திரும்பப் போட்டு வந்தார்கள் என்று வகுப்பு கவனித்துவிடும். பிறகு ஃப்ரெஷர்ஸ் டே, எத்னிக் டே. பாலக்காட்டுக்குப் பக்கம் என்பதால் கோவைக் கல்லூரிகளில் ஓணமும் தடபுடல். கசவுச் சேலையும் வேட்டியும் வேண்டும். அரசுப் பள்ளியில் படித்துவந்த மாணவிக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டமும் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கப்பட்டது. அந்த ஆயிரத்தில் பஸ், நோட்டு, ஜெராக்ஸ் எல்லாம் போக உடைக்கு எவ்வளவு மிஞ்சும்?

மிஞ்சுவதை வைத்தே அழகாக உடுத்தும் பிள்ளைகளை இந்த ஊரில் பார்க்கலாம். திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய டி-சர்ட்டுகள் மலிவாகக் கிடைக்கும். ஈரோடு ஜவுளிச் சந்தையில் துணியாக எடுக்கலாம். அக்காவின் அனார்கலியைத் தெருமுனை டெய்லரிடம் கொடுத்தால், "ஒரு இஞ்சு புடிச்சுக் குடுத்தாப் போதுங் அம்மிணி, புதுசாட்டத்தான் இருக்கும்" என்பார். அம்மாவின் பழைய நெகமம் சேலை நல்ல குர்தியாகும். விலைச்சீட்டைப் பார்த்து வாங்குவதைவிட இதற்குத்தான் ரசனை அதிகம் தேவைப்படுகிறது. நாகரிகம் தெரிந்தவர் என்று நான் இவர்களைத்தான் சொல்வேன்.

இன்னொன்றும் இவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். தினமும் பஸ் கடக்கும் ஆத்துப்பாலத்தின் அடியில் இருப்பது நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வரும் இதே ஆறு திருப்பூரில் சாயக்கழிவைச் சுமந்தது. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அந்தக் கழிவு தேங்கி, விவசாயிகளின் நிலமும் கிணறும் கெட்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன; கழிவுநீரை வெளியே விடாமல் முழுக்கச் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்றானது. அதேபோல, முதலாமாண்டு மாணவியின் வயதே ஆன பெண்கள் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில், கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் கிடைக்கும் என்று நம்பி நூற்பாலை விடுதிகளில் அடைபட்டு வேலை பார்த்ததும் இதே கொங்கு மண்ணில்தான். நாலு தடவை போட்டுத் தூக்கி எறியும் சட்டைக்குப் பின்னால் இந்த ஆறும் இந்தப் பெண்களும் இருக்கிறார்கள். துணியை நேசிக்கிறவர்கள் அதைச் சீக்கிரம் எறிய மாட்டார்கள்.

கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃபேஷன் துறை உள்ள கல்லூரிகளில் தையல் மெஷின்கள் மாலையில் சும்மா கிடக்கின்றன. முதல் இரண்டு மாதமாவது, வாரம் ஒரு மணி நேரம் அந்த லேபை எல்லாத் துறை முதலாமாண்டு மாணவ, மாணவியருக்கும் திறந்துவிடுங்கள். பட்டன் தைக்க, பேன்ட் மடிக்க, பழைய சேலையைக் குர்தியாக்க, ஃபேஷன் துறை சீனியர்களே கற்றுக்கொடுப்பார்கள். வாசலில் குர்தியின் நீளத்தை அளக்கச் செலவாகும் நேரமே இதற்குப் போதும்.