உங்களுக்குத் தெரியுமா? கிடாரின் குரலை மாற்றும் கண்ணாடி வால்வு

★ 1952 தீபாவளிக்கு மதுரை தங்கம் தியேட்டர் ‘பராசக்தி’ படத்தோடு திறக்கப்பட்டது. சிவாஜியின் வசனம் 2,000 பேருக்கு மேல் உட்காரும் அந்த அரங்கின் கடைசி வரிசைவரை கேட்டதென்றால், அது வால்வு ஆம்ப்ளிஃபயரின் வேலை. வால்வுக்கு மாற்றான டிரான்சிஸ்டர் 1947 டிசம்பரிலேயே பிறந்துவிட்டாலும் தியேட்டர் பக்கம் வரப் பல வருடம் ஆனது. பிறகு ரேடியோ, மைக் செட், சினிமா எல்லாமே வால்வைக் கைகழுவின. விடாப்பிடியாக வைத்துக்கொண்டிருப்பவர்களில் முதல் ஆள் எலக்ட்ரிக் கிடார்க்காரர்.

★ காரணம், வால்வு ‘உடையும்’ விதம். தாங்கும் அளவுக்கு மேல் சிக்னல் வந்தால் டிரான்சிஸ்டர் அதன் உச்சியைச் சட்டென்று வெட்டிவிடும். வால்வோ கொஞ்சம் கொஞ்சமாக மழுக்கும். திருவிழா மைக் செட்டில் ‘சவுண்ட் கரகரங்குது’ என்று திட்டு வாங்கித் தந்த அதே குணத்துக்குத்தான் கிடார் உலகில் காசு கொடுக்கிறார்கள்.

★ ஆம்பில் கிடார் சிக்னலை முதலில் பெருக்குவது ப்ரீஆம்ப் வால்வு. அது செய்வது என்ன? உள்ளே சூடான கேத்தோடிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி எதிரே இருக்கும் தகட்டுக்கு ஓடுகின்றன. நடுவில் கம்பிச் சுருளாக ஒரு கிரிட். வாய்க்காலில் மடைப்பலகையை ஒரு விரற்கடை தூக்கினால் வயல் முழுக்கத் தண்ணீர் பாய்வதுபோல, கிரிட்டில் கிடார் தரும் துளி மின்னழுத்தம், தகட்டில் பெரிய அலையாகிறது.

★ கிடார் ஆம்ப்களில் அதிகம் புழங்கும் ப்ரீஆம்ப் வால்வு ஒன்றுதான். அமெரிக்கப் பெயர் 12ஏஎக்ஸ்7, ஐரோப்பியப் பெயர் இசிசி83. ஐரோப்பியப் பெயரிலேயே ஜாதகம் இருக்கிறது: ‘இ’ என்றால் சூடேற்ற 6.3 வோல்ட், இரண்டு ‘சி’ என்றால் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடு (கேத்தோடு, கிரிட், தகடு மூன்றும் சேர்ந்தது), ‘8’ என்றால் ஒன்பது பின் கொண்ட அடிப்பகுதி.

★ டோனை மாற்ற நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது பிராண்டை அல்ல, பெருக்கும் எண்ணை. 12ஏஎக்ஸ்7-க்கு 100. 5751-க்கு 70. 12ஏடி7-க்கு 60. 12ஏஒய்7-க்கு 44. 12ஏயு7-க்கு 20-க்குள். ஐந்துக்கும் பின் அமைப்பு ஒன்றே. ஆம்ப் சீக்கிரமே கரகரத்தால் முதல் சாக்கெட்டில் எண் குறைந்த வால்வைப் போட்டுப் பாருங்கள். வால்யூமை இன்னும் திருப்ப இடம் கிடைக்கும், சுத்தமாகவும் பேசும். ஒன்று மட்டும்: இவை ஒவ்வொன்றும் இழுக்கும் கரன்ட் வேறு வேறு. அதனால் சத்தத்தின் அளவோடு அதன் குணமும் கொஞ்சம் மாறும்.

★ ஒரு வால்வை மாற்றியதால் புதுச் சத்தம் பிறந்த வரலாறு உண்டு. அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பில் முதல் வால்வு 12ஏஒய்7. 1962-இல் லண்டனில் ஜிம் மார்ஷல் கடையில் அதைப் பார்த்துச் செய்த ஜேடிஎம்45-இல் அந்த இடத்துக்கு இசிசி83 வந்தது. ஸ்பீக்கர் உள்ளிட்ட மாற்றங்களும் சேர்ந்துகொள்ள, பாஸ் கிடாருக்காகப் பிறந்த சர்க்யூட் ராக் இசையின் அடையாளமாயிற்று.

★ பல ஆம்ப்களில் நான்கைந்து ப்ரீஆம்ப் வால்வு இருக்கும். எல்லாவற்றையும் விலை உயர்ந்த பழைய சரக்காக வாங்குவது வீண் செலவு. கிடார் வயர் செருகும் இடத்துக்கு அடுத்த முதல் வால்வின் இரைச்சலும் குணமும்தான் பின்னால் வரும் எல்லா நிலையிலும் பெருகிப் போகும். நல்லதை அங்கே போடுங்கள். மற்ற இடங்களுக்குப் புதியதே போதும்.

★ நல்ல பழைய வால்வுக்கு இங்கிலாந்து வரைக்கும் போக வேண்டியதில்லை. 1954-இல் தொடங்கிய பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ், 1961 முதல் ரேடியோ வால்வுகள் தயாரித்தது. ‘பெல்’ என்று அச்சிட்ட இசிசி83-ஐ இன்று வெளிநாட்டுக்காரர்களும் தேடி வாங்குகிறார்கள்.

★ தாத்தா காலத்து வால்வு ரேடியோவைப் பிரித்தால் இசிசி83 கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்காது. நம் ஊர் வீட்டு ரேடியோக்களில் இசிஎச்81, இசிஎல்82, ட்யூனிங்குக்குப் பச்சையாக ஒளிரும் மேஜிக் ஐ என்று வேறு கூட்டம். மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்க வேண்டிய பழைய மைக் செட் ஆம்ப்ளிஃபயர்தான் சரியான இடம். மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மீனாட்சி பஜாரிலோ, திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ அப்படி ஒரு பெட்டி கண்ணில் பட்டால், எடைக்குப் போகும்முன் உள்ளே எட்டிப் பாருங்கள்.

★ வால்வை விளக்கு வெளிச்சத்தில் பிடியுங்கள். உச்சியில் வெள்ளிப் பூச்சு பளபளத்தால் நல்லது. மிச்சமிருக்கும் காற்றை உறிஞ்சிக்கொள்ளும் பேரியம் அது. வெளுத்துப் பால் நிறமாகியிருந்தால் கண்ணாடியில் விரிசல் விட்டுக் காற்று புகுந்துவிட்டது, வாங்காதீர்கள்.

★ அடுத்து, எழுத்துகளைப் பாருங்கள். மேலே பெரிதாக இருக்கும் பிராண்ட் பெயர் விரல் பட்டாலே அழியும். அழித்து வேறு பெயரும் அச்சிடலாம். இங்கிலாந்து பிராண்டான முல்லார்டு வால்வில் கண்ணாடியின் அடிப்பக்கம் பொறித்த சின்னக் குறியீடுதான் நம்பகமானது. அதில் இரண்டாம் வரி ‘பி’ என்று தொடங்கினால் அங்குள்ள பிளாக்பர்ன் தொழிற்சாலை; தொடர்ந்து வருடம், மாதம், வாரம். ஜெர்மன் பிராண்டான டெலிஃபுங்கன் என்றால் அடியில் பின்களுக்கு நடுவே வைர வடிவ முத்திரை இருக்க வேண்டும்.

★ கடையில் ‘புது முல்லார்டு’ என்று தந்தால் ஏமாற்று என்று சண்டைக்குப் போகாதீர்கள். அந்தப் பெயரின் உரிமை கைமாறி, இப்போது ரஷ்யாவின் சரடோவ் நகரில் அந்த வால்வைச் செய்கிறார்கள். நல்ல வால்வுதான், பழைய பிளாக்பர்ன் சரக்கின் விலையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

★ பென்சில் சோதனை: ஆம்பை ஆன் செய்து, வால்யூமை நடுவில் வைத்து, ஒவ்வொரு வால்வையும் பென்சில் நுனியால் லேசாகத் தட்டுங்கள். மெல்லிய ‘டிக்’ கேட்பது இயல்பு. ‘ணங்’ என்று மணிபோல் நீண்டு ஒலித்தாலோ ஊளையிட்டாலோ உள்ளே பாகங்கள் ஆடுகின்றன. அதை முதல் சாக்கெட்டில் வைக்காமல் கடைசிக்குத் தள்ளினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

★ ப்ரீஆம்ப் வால்வு மாற்றினால் பயாஸ் (சிக்னல் இல்லாதபோதும் வால்வு இழுக்கும் கரன்ட்டின் அளவு) சரிசெய்யத் தேவையில்லை. இஎல்34, 6எல்6 போன்ற பவர் வால்வு மாற்றினால் பல ஆம்ப்களில் அது கட்டாயம். அந்த வேலை மெக்கானிக்குடையது.

★ ஒன்பது பின் இருப்பதெல்லாம் ஒன்றல்ல. இசிசி88 அச்சாக இசிசி83 மாதிரியே இருக்கும். ஆனால் சூடேற்றும் இணைப்பே வேறு. கிடார் ஆம்பின் உயர் மின்னழுத்தத்தையும் அது தாங்காது. மாற்றிப் போட்டால் வால்வு போய்விடும்.

★ மதுரை வெயிலுக்கு வால்வு பயப்படாது. ஒரு இசிசி83-ஐச் சூடேற்ற எப்போதும் 2 வாட் மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. பயப்பட வேண்டியது வோல்டேஜுக்கு. சூடேற்றும் 6.3 வோல்ட் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும் ஆயுள் குறையும். கரன்ட் ஏறி இறங்கும் பகுதியில் ஸ்டெபிலைசர் வையுங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த 120 வோல்ட் ஆம்பை, ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230 வோல்ட்டில் செருகவே கூடாது.

★ மாற்றும்போது ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, வால்வு ஆறியபின் நேராக மேலே இழுங்கள். சேசிஸைத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். பழைய வால்வு வாங்கும் முன் ஒரு புது இசிசி83, ஒரு 12ஏடி7 இரண்டையும் முதல் சாக்கெட்டில் மாற்றி மாற்றிப் போட்டு வாசியுங்கள். எந்த எண் உங்கள் கைக்குப் பிடிக்கிறதோ, அந்த எண்ணில் பழையது தேடுங்கள். பெயரைக் கேட்டு வாங்காதீர்கள். காதால் கேட்டு வாங்குங்கள்.