நபிமார் வரலாறுகள் புகட்டும் ஒழுக்கப் பாடங்கள்



சமயங்கள் கூறும் ஒழுக்கநெறி பற்றிய கட்டுரைக்கும் சரி, சீறாப்புராணம் பற்றிய வினாவுக்கும் சரி, விடை எழுதும்போது நம்மிற் பலர் ஒரே தவறைச் செய்கின்றோம். "நபிமார் அன்பு, பொறுமை, நேர்மை, ஈகை என்பவற்றைப் போதித்தனர்" என்று எழுதி முடித்துவிடுகின்றோம். இந்த வரியை எந்தச் சமயப் பெரியாரைப் பற்றியும் எழுதலாம். ஆகவே அதற்குக் கிடைக்கும் புள்ளியும் குறைவு.

கதையிலிருந்து பாடத்தை எடுப்பதற்கு மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

(அ) அங்கே ஏற்பட்ட இக்கட்டு என்ன?
(ஆ) அவர் முன் இருந்த இலகுவான வழி எது?
(இ) அவர் தெரிவு செய்த வழி எது? அதற்காக அவர் எதை இழக்கத் துணிந்தார்?

மூன்றாவது கேள்விக்கான விடையே அக்கதையின் பாடமாகும். இக்கட்டுரையில் நான்கு நிகழ்ச்சிகளை இம்முறையில் நோக்குவோம். நான்கிலும் ஒருவரின் உயிரோ உடைமையோ இன்னொருவரின் கையில் அகப்பட்டிருப்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

1. நபி என்பவர் யார்?

இறைவனின் செய்தியை மக்களுக்கு அறிவிப்பவர் நபி எனப்படுவார். அல்குர்ஆனில் 25 நபிமாரின் பெயர்கள் கூறப்படுகின்றன. இறுதி நபி முகம்மது (ஸல்) ஆவார். இவர்களிற் சிலரைக் கிறிஸ்தவ மாணவர்கள் வேறு பெயரால் அறிவர். நூஹ் என்பவர் நோவா. இப்றாஹீம் என்பவர் ஆபிரகாம். யூசுப் என்பவர் யோசேப்பு. மூஸா என்பவர் மோசே.

முகம்மது நபியின் பெயருக்குப் பின் (ஸல்) என்றும், ஏனைய நபிமாரின் பெயருக்குப் பின் (அலை) என்றும் எழுதுவது இஸ்லாமிய மரபு. இவை அவர்கள்மீது இறைவனின் அருளும் சாந்தியும் உண்டாகுக என வேண்டும் அரபு வாழ்த்துகளின் சுருக்கமாகும்.

2. மானுக்குப் பிணை நின்றமை

முகம்மது நபியின் வரலாற்றைத் தமிழிற் காப்பியமாகப் பாடியவர் உமறுப்புலவர். இவர் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். இவரை ஆதரித்த வள்ளல் கீழக்கரைச் சீதக்காதி ஆவார். சீதக்காதிக்குப் பின் அபுல்காசிம் மரைக்காயர் ஆதரவளித்தார். நூலின் பெயர் சீறாப்புராணம். 'சீறா' என்பது வாழ்க்கை வரலாறு என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து வந்தது. விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்றத்துக் காண்டம் என மூன்று காண்டங்களையும் 5,027 பாடல்களையும் இந்நூல் கொண்டுள்ளது. மானுக்குப் பிணை நின்ற படலம் நுபுவ்வத்துக் காண்டத்தில் வருகின்றது.

கதை வருமாறு: காட்டில் ஒரு வேடன் பெண்மான் ஒன்றைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறான். அவ்வழியே வந்த நபிகள் நாயகத்திடம் அம்மான், தன் கன்று பாலின்றித் தவிப்பதைக் கூறி, ஒருமுறை பாலூட்டிவிட்டுத் திரும்பி வருவதாக வேண்டுகின்றது. நபிகள் வேடனிடம் மானை அவிழ்த்துவிடுமாறு கேட்கிறார். காட்டுக்குப் போன மான் எங்கே திரும்பி வரும் என வேடன் மறுக்கிறான். அப்பொழுது நபிகள் தாமே அதற்குப் பிணை நிற்பதாகவும், மான் வராவிட்டால் ஒன்றுக்கு இரண்டு மான் தருவதாகவும் வாக்களிக்கிறார். மான் ஓடிச் சென்று கன்றுக்குப் பாலூட்டுகிறது. இனத்தவை தடுத்தும், தனக்காக ஒருவர் பிணை நிற்கிறார் எனக் கூறித் திரும்புகின்றது. கன்றும் தாயைப் பின்தொடர்ந்து வருகின்றது. ஒரு மானுக்கு இரண்டு வந்து நிற்பதைக் கண்ட வேடன் மனம் மாறுகிறான்.

'பிணை' என்னும் சொல்லைச் சற்றுக் கவனியுங்கள். பழந்தமிழில் பிணை என்றால் பெண்மான். ஆண்மானைக் கலை என்பர். பிணை என்றால் உத்தரவாதம் என்றும் பொருள். நீதிமன்றச் செய்திகளில் ஒருவர் "பிணையில் விடுவிக்கப்பட்டார்" என்று வாசிக்கிறீர்கள் அல்லவா? அதே சொல்தான். படலத்தின் தலைப்பில் வரும் பிணை உத்தரவாதத்தைக் குறிக்கின்றது.

இப்பொழுது மூன்று கேள்விகளையும் கேட்போம். இக்கட்டு மானுடையது. வேடனிடம் பணம் கொடுத்து மானை வாங்குவது அல்லது இரங்கிவிட்டு நடந்து போவது இலகுவான வழியாகும். நபிகள் தம்மையே பொறுப்பாளியாக்கிக் கொள்கிறார். வேடனையும் அவர் பழிக்கவில்லை. வேடனுக்கும் பசி உண்டு. பாடுபட்டுப் பிடித்த இரையில் அவனுக்கும் உரிமை உண்டு. ஒன்றுக்கு இரண்டு என்ற வாக்கு அவனுடைய உரிமையைக் காக்கின்றது. மானின் பக்கத்திலும் ஒரு பாடம் உள்ளது. ஓடிவிடக்கூடிய நிலையிலும் அது திரும்பி வந்தது. தன்னை நம்பியவரை அது கைவிடவில்லை.

பாடம்: பலவீனருக்காகப் பிணை நிற்றல், பிணை நின்றவரை ஏமாற்றாதிருத்தல்.

3. பகைவரின் பொருளைத் திருப்பிக் கொடுத்தமை

நபித்துவத்துக்கு முன்னரே முகம்மது (ஸல்) அவர்களை மக்கா வாசிகள் 'அல்அமீன்', அதாவது நம்பிக்கைக்குரியவர், என அழைத்தனர். தம் பணத்தையும் நகையையும் அவரிடம் ஒப்படைத்து வைப்பது அவர்களின் வழக்கம். இவ்வாறு ஒப்படைக்கப்படும் பொருள் 'அமானிதம்' எனப்படும்.

கி.பி. 622இல் குறைஷித் தலைவர்கள் அவரைக் கொல்லத் திட்டமிட்டனர். அவர் மதீனாவுக்குப் புறப்பட வேண்டியதாயிற்று. இதுவே ஹிஜ்றத் எனப்படுகிறது. அன்றிரவு அவருடைய வீட்டில் மக்கா வாசிகளின் அமானிதப் பொருள்கள் இருந்தன. ஊரே பகைத்து விரட்டும்போது அப்பொருளை எடுத்துச் சென்றிருந்தால் அது நியாயம் எனச் சொல்லவும் ஆள் இருந்திருக்கும். ஆனால் அவர் தம் பெரிய தந்தையின் மகனாகிய அலி (ரலி) அவர்களை அங்கேயே நிறுத்தி, ஒவ்வொரு பொருளையும் உரியவரிடம் சேர்த்த பின்பே வருமாறு பணித்தார். அலி அவர்கள் உயிராபத்தின் நடுவே அப்பணியை முடித்துவிட்டே மதீனா சென்றார்.

பாடம்: பிறர் பொருள் பிறருடையதே. அவர் நமக்குத் தீங்கு செய்தாலும் அப்பொருள் நம்முடையதாகாது.

4. யூசுப் நபியின் களஞ்சியம்

யூசுப் நபியின் (அலை) வரலாறு அல்குர்ஆனின் 12ஆம் அத்தியாயத்தில் முழுமையாகக் கூறப்படுகின்றது. பொறாமை கொண்ட சகோதரர்கள் சிறுவனாகிய அவரைக் கிணற்றில் தள்ளினர். வழிப்போக்கர் எடுத்து எகிப்தில் விற்றனர். அங்கே பொய்க் குற்றச்சாட்டினால் சிறை சென்றார்.

எகிப்திய மன்னன் ஒரு கனவு கண்டான். ஏழு கொழுத்த பசுக்களை ஏழு மெலிந்த பசுக்கள் தின்றன. ஏழு பசுங்கதிர்களும் ஏழு காய்ந்த கதிர்களும் தோன்றின. ஏழு ஆண்டுகள் விளைச்சலும் பின் ஏழு ஆண்டுகள் பஞ்சமும் வரும் என யூசுப் விளக்கினார். உண்பதற்கு வேண்டிய சிறிதளவு தவிர மிகுதியைக் கதிரோடு சேமித்து வைக்குமாறும் கூறினார். காலபோகத்தில் விளைந்ததை அடுத்த விதைப்புக்கு எடுத்து வைக்கும் நம் வயல்வெளி மக்களுக்கு இதன் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மன்னன் அவரைச் சிறையிலிருந்து அழைத்தபோது யூசுப் உடனே வெளியேறவில்லை. தம்மீது சுமத்தப்பட்ட குற்றத்தை முதலில் விசாரிக்கும்படி கேட்டார். விடுதலையைவிட உண்மை வெளிப்படுவதை அவர் பெரிதாக மதித்தார். இதனைப் பல மாணவர்கள் எழுதத் தவறுகின்றனர்.

பின்னர் அவர் களஞ்சியப் பொறுப்பாளரானார். பஞ்சத்தில் தானியம் தேடி அதே சகோதரர்கள் வந்தனர். அவர்களின் பசி இப்பொழுது அவர் கையில். பழிவாங்குவது மிக இலகு. அவர் தானியம் கொடுத்தார். பின்னொரு முறை அவர்கள் வந்தபோது, யூசுபுக்கு நீங்கள் செய்தது நினைவிருக்கிறதா எனக் கேட்டார். அவர்கள் தம் பிழையை ஒப்புக்கொண்டனர். அவர் மன்னித்து, பெற்றோரையும் குடும்பம் முழுவதையும் எகிப்துக்கு அழைத்தார்.

இங்கே வரிசை முக்கியம். முதலில் உண்மை பேசப்பட்டது. அடுத்துப் பிழை ஒப்புக்கொள்ளப்பட்டது. அதன்பின் மன்னிப்பு வந்தது.

பாடம்: திட்டமிட்ட சேமிப்பு, உண்மையில் உறுதி, பழிவாங்க இயலும்போது மன்னித்தல்.

5. மக்காவுக்குத் திரும்பிய நாள்

622இல் ஊரைவிட்டுச் சென்ற முகம்மது நபி (ஸல்) அவர்கள் 630இல் ஏறத்தாழ 10,000 பேருடன் மக்காவுக்குத் திரும்பினார். இடையில் போர்கள் நடந்திருந்தன. அவருடைய சிறிய தந்தை ஹம்ஸா உஹதுப் போரிற் கொல்லப்பட்டிருந்தார். இப்பொழுது மக்கா முழுவதும் அவர் கையில். மக்கள் தண்டனையை எதிர்பார்த்து நின்றனர். அவர் பொதுமன்னிப்பு வழங்கினார். ஹம்ஸாவைக் கொன்ற வஹ்ஷியும் பின்னர் மன்னிப்புப் பெற்றார். கஃபாவின் திறப்பை வாங்கிக் கதவைத் திறந்த பின், அதனைப் பரம்பரையாக வைத்திருந்த குடும்பத்தவரான உத்மான் பின் தல்ஹாவிடமே மீண்டும் ஒப்படைத்தார்.

கவனிக்க: சீறாப்புராணம் இந்நிகழ்ச்சி வரை செல்லவில்லை. எனவே மக்கா வெற்றியைச் சீறாப்புராணச் செய்தியாக எழுத வேண்டாம்.

பாடம்: வெற்றியிலும் அடக்கம், பிறர் உரிமையைப் பறிக்காமை.

6. நாம் ஏன் இதைப் படிக்க வேண்டும்?

"நாங்கள் முஸ்லிம்கள் இல்லையே, சேர், சோதினைக்கு மட்டும்தானே?" என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. விடை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் 70,000இற்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணித்தியாலங்களே. கிளிநொச்சி மாவட்டத்து நாச்சிக்குடாவிலும் முல்லைத்தீவு மாவட்டத்து நீராவிப்பிட்டியிலும் வாழ்ந்தவர்களும் வீடு, வளவு, வயல், பள்ளிவாசல் யாவற்றையும் விட்டுச் சென்றனர். பெரும்பாலானோர் புத்தளத்தில் அகதிகளாயினர். 2009இன் பின்னரே பலரால் திரும்பிவர முடிந்தது. வெறுங்கையோடு ஊரைவிட்டுப் போவது என்னவென்று கண்டாவளையில் வாழும் நமக்கும் தெரியும். 2008, 2009ஆம் ஆண்டுகளில் நம் குடும்பங்களும் அப்படித்தான் புறப்பட்டன. செட்டிகுளம் முகாம்களில் இருந்து மீண்டு வந்து, கூரையற்ற வீடுகளைத்தான் கண்டோம்.

அன்று அயலவருக்காகப் பிணை நிற்க எத்தனை பேரால் முடிந்தது? அவர்கள் விட்டுச் சென்ற பொருளை எத்தனை பேர் அமானிதமாகக் கருதினோம்? நமக்கு நேர்ந்ததற்கு உண்மையும் நீதியும் கேட்கும் நாம், அவர்களுக்கு நேர்ந்ததையும் மறையாமற் பேச வேண்டும். யூசுப் நபியின் கதை காட்டும் வரிசை அதுவே. நபிமார் வரலாறு முஸ்லிம் மாணவருக்கு ஈமானின் பகுதி. நமக்கு அது அயலவரை அறியும் வழி. நம்மை நாமே கேட்டுப் பார்க்கும் வழியும் ஆகும்.

7. மாதிரி வினாவும் விடையும்

வினா: மானுக்குப் பிணை நின்ற படலம் வழியாக நபிகள் நாயகத்தின் பண்புகளை விளக்குக.

விடை: வேடனால் கட்டப்பட்ட மான் கன்றுக்குப் பாலூட்டிவர அனுமதி வேண்டியபோது, நபிகள் தாமே பிணை நின்றார். இதனால் அவரது உயிரிரக்கம் புலப்படுகின்றது. மான் வராவிடில் ஒன்றுக்கு இரண்டு தருவதாகக் கூறியதன் மூலம் வேடனுக்கும் இழப்பு வராமற் காத்தார். இது அவரது நடுநிலையைக் காட்டுகின்றது. பிறர் நம்ப மறுத்த மானின் சொல்லை அவர் நம்பினார். அந்நம்பிக்கையே மானைத் திரும்பி வரச் செய்தது. வேடனின் உள்ளத்தையும் மாற்றியது. எனவே நம்பிக்கை நம்பிக்கையை வளர்க்கும் என்பது இப்படலத்தின் கருத்தாகும்.

நினைவிற் கொள்க:

• நூலாசிரியர் உமறுப்புலவர்; சீதக்காதி அவரை ஆதரித்தவர். இருவரையும் மாற்றி எழுத வேண்டாம்.
• மான் பேசியது என்னும் அற்புதத்துடன் நிறுத்தாது, பிணை நின்ற செயலை விளக்குக.
• ஒவ்வொரு பண்புக்கும் ஒரு நிகழ்ச்சியைச் சான்றாகக் காட்டுக.

பயிற்சி வினாக்கள்

1. 'பிணை' என்னும் சொல்லின் இரு பொருள்களையும் எழுதுக.
2. அமானிதம் என்றால் என்ன? ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு விளக்குக.
3. யூசுப் நபி சிறையிலிருந்து உடனே வெளியேறாமைக்குக் காரணம் யாது?
4. "மன்னிப்புக்கு முன் உண்மை வேண்டும்." நபிமார் வரலாற்றையும் உமது ஊர் அனுபவத்தையும் இணைத்து ஒரு கட்டுரை எழுதுக.

நான்காவது வினாவை எழுதுமுன் வீட்டிலுள்ள பெரியவர்களிடம், 1990இற்கு முன் தமக்குப் பழக்கமாயிருந்த முஸ்லிம் குடும்பங்களைப் பற்றிக் கேட்டறியுங்கள். கட்டுரைக்கு வேண்டிய சான்று அங்கேயே கிடைக்கும்.