விளையாட்டின் மூலம் கட்டட வேலை நிர்வாகம்

கட்டட வேலை காலந்தாழ்வதற்குப் பணமுடையும் ஆட்குறையுமே காரணங்கள் எனப் பலரும் கருதுவர். மற்றொரு காரணமும் உண்டு. சுவர் எழுந்த பின்னரே கூரை. கூரை அமைந்த பின்னரே பூச்சு. ஆகவே, ஒரு குழுவினரின் வேகத்தில் நேரும் ஏற்றத்தாழ்வு பின்வருவோர் அனைவரையும் பாதிக்கிறது.

திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞம் துறைமுகம் இதற்குச் சான்றாகும். 2015 டிசம்பரில் தொடங்கிய அவ்வேலையை நான்கு ஆண்டுகளில் முடிக்கத் திட்டமிடப்பட்டது. அங்கு ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீள அலைதடுப்புச் சுவருக்கு வேண்டிய கருங்கல் சீராக வந்து சேரவில்லை. 2017-இல் ஒக்கிப் புயலும் சேதம் விளைவித்தது. வேறு தடைகளும் சேர, துறைமுகத்தின் வாணிப இயக்கம் 2024 டிசம்பரில்தான் தொடங்கிற்று.

இத்தகைய தாமதம் எவ்வாறு வளர்கிறது என்பதை மாணவர்க்கு உணர்த்தும் பகடை விளையாட்டு ஒன்றை டாமலைன், ரைலி, ஹோவெல் ஆகிய அமெரிக்க அறிஞர் மூவர் 1999-இல் ஒரு கட்டுரையில் விளக்கினர். அதனை 35 புளியங்கொட்டைகளையும் ஒரு நாணயத்தையும் கொண்டே வகுப்பில் நடத்தலாம்.

ஒரு கொட்டை ஒரு வீடு; ஒரு சுற்று ஒரு வாரம். அஸ்திவாரம், சுவர், கூரை, பூச்சு, வர்ணம் ஆகிய வேலைகளுக்கு ஐவர் வரிசையாக அமர்வர். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருவரும் நாணயத்தைச் சுண்டுவர். பூ விழுந்தால் 4, தலை விழுந்தால் 6 கொட்டைகளை அடுத்தவருக்குத் தள்ளலாம். ஆனால், முந்தைய சுற்றின் முடிவில் தம்மிடம் இருந்தவற்றை மட்டுமே தள்ளலாம்.

மறு ஆட்டத்தில் பூவுக்கு 1, தலைக்கு 9 என விதியை மாற்றுக. இரண்டிலும் சராசரி 5 தான். எல்லோரும் தவறாமல் ஐந்தைந்தாகத் தள்ளினால் வேலை 11 வாரங்களில் முடியும். மறு ஆட்டமோ பெரும்பாலும் அதற்கு மேலும் நீளும். 9 வீடுகளுக்கு வர்ணம் பூசும் ஆற்றல் வாய்த்த வாரத்தில் கையில் 2 வீடுகளே இருப்பின், எஞ்சிய ஆற்றல் வீணாகிறது. அது மறுவாரத்துக்கு மிஞ்சுவதில்லை.

மூன்றாம் ஆட்டத்தில் ஒவ்வொருவர் முன்னும் முதலிலேயே 5 கொட்டைகளை இருப்பாக வைத்தால், வெறுங்கையுடன் காத்திருக்கும் வாரங்கள் குறையக் காணலாம். எனினும் இருப்பு என்பது முடங்கிய பணம் என்பதையும் ஆசிரியர் எடுத்துரைத்தல் வேண்டும்.

ஜூனில் தென்மேற்குப் பருவமழையையும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையையும் எதிர்நோக்கும் திருவனந்தபுரத்தில், களப்பணியாளர் சராசரியை மட்டும் நம்பிக் காலக்கெடு குறித்தல் தகாது. எவ்வளவு வேலை நடக்கும் என்பதோடு, எவ்வளவு சீராக நடக்கும் என்பதையும் அவர்கள் கேட்டறிதல் நலம்.