மூன்று வணக்கம் சொன்ன சீனக் கல்

கன்பூசியஸ், லாவோட்சு, புத்தர். இந்த மூவரின் போதனைகளும் ஒன்றுக்கொன்று துணை என்பது சீனாவில் நெடுங்காலம் வேரோடிய எண்ணம். 1368இல் மிங் வம்சத்தை நிறுவிய ஹொங்வு பேரரசர் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

மூன்று வழிகளை ஒன்றாக மதிக்கும் அந்த எண்ணத்தை நினைவூட்டும் கல்வெட்டொன்று, அவருடைய மகன் யோங்லே பேரரசர் காலத்தது, நம் இலங்கையில் இருக்கிறது. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அந்தக் கல்லைக் கடல்வழியே கொண்டுவந்தது மிங் கடற்படைத் தளபதி செங் ஹேயின் கப்பற்படை. யுனான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் அவர்.

கல்லில் மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தரை வணங்குகிறது. தமிழ்ப் பகுதி தெய்வேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தேனாவரை நாயனாரை, அதாவது திருமாலை, வணங்குகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தைப் போற்றுகிறது. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பேரரசின் கல்லில் தமிழுக்கு இப்படி ஓர் இடம் கிடைத்தது பெரிய விடயம்!

1911இல் காலி நகரில், மதகொன்றின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்த இதை ஒரு பொறியியலாளர் கண்டெடுத்தார். பாரசீக வரிகள் நிறையத் தேய்ந்துவிட்டன. உச்சியில் எதிரெதிரே செதுக்கிய இரண்டு டிராகன்களை இன்றும் காணலாம்.

சொறிக்கல்முனை, கல்முனைப் பக்கத்து நேயர்கள் கொழும்புக்குப் போனால், தேசிய நூதனசாலையில் இதைப் பார்த்து வரலாம்.